தாத்தா பர்மாவிலிருந்து கொண்டுவந்த ஜப்பானிய வாளுக்கு வயது என்ன?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பர்மா முனையில் இருந்த உங்கள் தாத்தா, 1946-இல் ஊர் திரும்பியபோது ஒரு ஜப்பானிய வாளைக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட எண்பது ஆண்டுகளாக அது பரணில் கிடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஆயுத பூஜையன்று கீழே இறங்கி, சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறிவிடுகிறது. இப்போது அதைப் பார்த்த நண்பர் ஒருவர், நானூறு வருடத்துச் சாமுராய் வாள் என்றும் கோடிக்கணக்கில் போகும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வயது என்ன, விலை என்ன, துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவதற்கு மட்டும் உடனே பதில்: தேய்க்காதீர்கள். மற்ற இரண்டுக்கும் அடியில் இருக்கும் உண்மையான கேள்வி, இது ஒரு சாமுராயின் இடுப்பில் இருந்ததா, போருக்காகப் பட்டறையில் அவசரமாக அடித்ததா என்பதுதான். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதையும், எதைப் பார்த்தால் முடியும் என்பதையும் எழுதுகிறேன்.

நான் உலோகவியல் படித்து, பழைய உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தவன். ஜப்பானிய வாள்கள் என் சொந்த ஆர்வம். பணியின் பொருட்டும் நண்பர்களின் அழைப்பின் பேரிலும் இருபதுக்கும் மேற்பட்ட வாள்களைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை உங்களுடையதைப் போலவே போர் முடிந்து வந்தவை. ஆனால் நான் ஜப்பானில் பயிற்சி பெற்றவன் அல்லன். அங்கே ஒரு மதிப்பீட்டாளர் ஆயிரக்கணக்கான வாள்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு தீர்ப்புச் சொல்வார். என்னால் நூற்றாண்டைச் சொல்ல முடியும். எந்தக் கொல்லர் என்று சொல்லச் சொன்னால் பத்தில் ஏழு முறை வாயை மூடிக்கொள்வேன்.

படங்களில் உறுதியாகத் தெரிவதிலிருந்து தொடங்குகிறேன். பழுப்புப் பச்சை வண்ணம் பூசிய உலோக உறை, அதில் தொங்கவிட ஒரே ஒரு வளையம், கைப்பிடியில் திருக்கை மீன் தோலின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய நாடா, பித்தளைப் பாகங்களில் நீங்கள் "செம்பருத்தி போன்ற பூ" என்று எழுதியிருக்கும் ஐந்திதழ்ப் பூ. அது செம்பருத்தி அன்று, சகுரா என்னும் செர்ரிப் பூ. ஜப்பானியத் தரைப்படையின் அதிகாரிகள் அணிந்த ஷின்குன்டோ வகை வாளின் அடையாளங்கள் இவை. 1934-இல் வந்த முதல் வடிவத்துக்கு இரண்டு வளையங்கள். 1938-இல் வந்த வடிவத்துக்கு ஒன்று. முதல் வடிவத்தின் இரண்டாவது வளையம் கழற்றக்கூடியது என்றாலும், உங்கள் வாளின் உறையும் கைப்பிடியும் பெரும்பாலும் 1938-க்கும் 1945-க்கும் இடையில் செய்யப்பட்டவை. 1934-க்கு முந்தியவை அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இது வாளின் வயது அன்று, அதன் சட்டையின் வயது. ஜப்பானிய வாளில் கைப்பிடி, கைக்காப்புத் தட்டு, உறை எல்லாமே கழற்றி மாற்றக்கூடியவை. இரும்பு அப்படியே இருக்கும், உடுப்பு மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதிகாரிகள் வாளைத் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள். பெரும்பாலோர் புதிதாகச் செய்ததை வாங்கினார்கள். வீட்டில் மூதாதையர் வாள் இருந்தவர்கள் அதையே எடுத்து, இராணுவக் கைப்பிடி போட்டுப் போர்முனைக்குக் கொண்டுபோனார்கள். அதனால்தான் 1940-களின் உறைக்குள் 1500-களின் வாள் கிடைப்பது அரிதென்றாலும் நடக்காததன்று. உங்கள் நண்பர் சொன்னது பொய் என்று இப்போதே சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. உண்மை என்று சொல்ல அவரிடமும் இல்லை.

தாத்தாவின் கதை நம்பத்தக்கது. 1945-இல் தென்கிழக்கு ஆசியாவில் சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகள் வாளைத் தம் கையாலேயே ஒப்படைக்க வேண்டும் என்பதில் அந்தப் பகுதியின் நேசநாட்டுத் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் பிடிவாதமாக இருந்தார். தோல்வியை அவர்கள் கண்கூடாக உணரவேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படி ஒப்படைக்கப்பட்ட வாள்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த பிரிட்டிஷ், இந்தியப் படையினரிடம் நினைவுப் பொருளாக வந்துசேர்ந்தன. அப்போது சில வாள்களில் துணியிலோ மரச்சில்லிலோ உரிமையாளரின் பெயரை எழுதிக் கட்டியிருந்தார்கள். பரணில் வாளோடு சுருட்டி வைத்த துணி ஏதாவது இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கைப்பிடியின் முனையில் தொங்கும் குஞ்சம் இருந்தால் அதன் நிறத்தையும் எழுதுங்கள். பழுப்போடு நீலம் என்றால் கேப்டன் வரையிலான அதிகாரி, பழுப்போடு சிவப்பு என்றால் மேஜர் முதல் கர்னல் வரை. தங்கச் சரிகை சேர்ந்திருந்தால் ஜெனரல். அப்படி இருந்தால் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம், தொலைபேசியிலேயே கூப்பிடுங்கள்.

இனி வயது எங்கே இருக்கிறது என்பதற்கு வருகிறேன். கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புக் காம்பில் இருக்கிறது. ஜப்பானியர் அதை நகாகோ என்பார்கள். பட்டறையை விட்டு வந்த நாளிலிருந்து யாரும் அதை மெருகூட்டுவதில்லை, எண்ணெய் தேய்ப்பதில்லை. கொல்லரின் கையெழுத்து, நாள், அரத்தால் இழுத்த கோடுகள், துருவின் நிறம் எல்லாம் அங்கேதான். வெளியே பளபளக்கும் பகுதி பல முறை சாணை கண்டு தேய்ந்திருக்கும். காம்பு மட்டும் பிறந்த மேனியாக இருக்கும்.

அதைத் திறப்பது கடினமன்று, ஆனால் அவசரம் கூடாது. கைப்பிடியின் பக்கவாட்டில், நாடாச் சுற்றுகளின் இடையில், சிறிய வட்டமாக ஒரு மூங்கில் ஆணி தெரியும். சில இராணுவ வாள்களில் இரண்டு இருக்கும்; அரிதாக ஒன்று உலோகத் திருகாக இருக்கும். ஆணியின் இரு முனைகளில் எது சிறியதோ அந்தப் பக்கத்திலிருந்து, மரக் குச்சியையோ பித்தளைக் கம்பியையோ வைத்து மெல்லத் தட்டுங்கள். மறுபக்கம் வெளியே வந்துவிடும். பிறகு வாளை உறையிலிருந்து எடுத்து, வெட்டும் பக்கம் உங்களுக்கு எதிர்த்திசையில் இருக்க, இடது கையால் கைப்பிடியின் அடிப்பகுதியைப் பிடித்துச் சற்றே சாய்த்து நிறுத்துங்கள். வலது கை முஷ்டியால் இடது மணிக்கட்டில் ஒரு தட்டு. ஒன்றும் நடக்காது. இன்னொரு தட்டு. மூன்றாவது நான்காவது தட்டில் உள்ளே இரும்பு அசையும் சத்தம் கேட்கும். கைக்காப்புத் தட்டு லேசாகக் கலகலக்கும். அப்போது நிறுத்திவிட்டு, வாளின் மழுங்கிய முதுகைத் துணியால் பிடித்து மேலே உருவுங்கள். எட்டு, பத்து தட்டுக்கும் அசையாவிட்டால் விட்டுவிடுங்கள். சுத்தியலை எடுக்கும் எண்ணம் வந்தால் வாளை உறையில் போட்டுவிட்டு ஒரு காபி குடியுங்கள். வரும் தட்டுகளையும் பில்லைகளையும் வந்த வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி வையுங்கள். இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது கைப்பிடி ஆடும்.

காம்பு வெளியே வந்ததும் உங்கள் கை தானாகத் துருவைச் சுரண்டப் போகும். அங்கேதான் தடுக்கிறேன். அந்தத் துருதான் வாளின் ஜாதகம். நானூறு, ஐந்நூறு ஆண்டு கடந்த காம்பு கறுத்து, ஆழ்ந்து, தொட்டால் வழவழப்பாக இருக்கும், அரக்கோடுகள் மங்கியிருக்கும். நூற்றைம்பது ஆண்டுகள் ஆனது அடர்பழுப்பு. 1940-களில் செய்தது செம்பழுப்பாக, சில இடங்களில் இன்னும் வெள்ளை உலோகம் தெரிய இருக்கும். அரக்கோடுகள் நேற்று இழுத்ததுபோல் கூர்மையாக இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது, ஆனால் முதல் சாட்சி அதுதான். காவிரிக் கரை ஊர் ஒன்றில் ஒரு குடும்பம், எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று காம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்குபோல் மின்ன வைத்திருந்தது. வாளின் வடிவம் பழையது என்று எனக்குத் தோன்றியது. காம்பு சாட்சி சொல்லும் நிலையில் இல்லை. என்னால் எதையும் எழுதித்தர முடியவில்லை.

எழுத்து இருந்தால் எப்படிப் படிப்பது? முழுமையாகப் படிக்க ஜப்பானிய எழுத்து தெரிந்தவர் வேண்டும். ஆனால் ஒரு சிறு சோதனையை நீங்களே செய்யலாம். வழக்கமாக ஒரு பக்கம் கொல்லரின் ஊரும் பெயரும், மறுபக்கம் நாளும் இருக்கும். நாளில் முதலில் சகாப்தத்தின் பெயர், பிறகு அந்தச் சகாப்தத்தின் ஆண்டு எண். எண்களில் ஒரு கிடைக்கோடு ஒன்று, இரண்டு கோடு இரண்டு, மூன்று கோடு மூன்று, கூட்டல் குறி போல இருப்பது பத்து. கூட்டல் குறியும் அதன்கீழ் மூன்று கோடும் இருந்தால் பதின்மூன்று. சகாப்தம் ஷோவா என்றால் அந்த எண்ணோடு 1925-ஐக் கூட்டுங்கள்: 1938. பழைய வாள்களிலும் இதே முறைதான், சகாப்தத்தின் பெயர் மட்டும் மாறும். எய்ஷோ என்றால் 1504 முதல் 1521 வரை, கன்புன் என்றால் 1661 முதல் 1673 வரை. மாதம் பெரும்பாலும் இரண்டாவது அல்லது எட்டாவது என்றே இருக்கும். வாளை உண்மையில் அந்த மாதத்தில்தான் அடித்தார்கள் என்று பொருளில்லை, அது மங்கல வழக்கம்.

பெயருக்குப் பக்கத்திலோ அதற்கு மேலேயோ சிறிய முத்திரை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வட்டத்துக்குள் அல்லது பூவுக்குள் ஒரே ஓர் எழுத்து இருந்தால் அது செகி என்னும் ஜப்பானிய நகரத்துப் பட்டறைகளின் பரிசோதனை முத்திரையாக இருக்க வாய்ப்பு அதிகம். 1930-களின் இறுதியிலிருந்து போருக்காகச் செய்த, மரபு முறையில் அல்லாத வாள்களில் இது வரும். ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் மகிழலாம். இராணுவம் அங்கீகரித்து, தமஹாகனே என்னும் மரபு எஃகை வழங்கிய கொல்லர்களின் வேலை அது. போர்க்காலமே என்றாலும் கையால் மடித்து அடித்தது.

இந்த முத்திரையால் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். தொடக்க காலத்தில் ஒருவர் வீட்டில் ஒரு வாளைப் பார்த்தேன். வெட்டுவிளிம்பை ஒட்டி ஓடும் வெண்கோட்டில், இரண்டு குட்டை முனை, ஒரு நெட்டை முனை என்று தேவதாரு மரங்கள் வரிசையாக நிற்பதுபோன்ற அமைப்பு. 16-ஆம் நூற்றாண்டின் கனெமோட்டோ என்ற கொல்லரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அமைப்பு அது. கொஞ்சம் படித்திருந்த கர்வத்தில், இது அவர் செய்த வாள்தான் என்று அங்கேயே அறிவித்துவிட்டேன். வீட்டார் இனிப்பு கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துச் சாய்வான வெயிலில் மறுபடி பார்த்தபோது, காம்பின் அழுக்குக்கு அடியில் பயறளவு முத்திரை ஒன்று கண்ணில் பட்டது. செகியில் 1940-களில் அதே அமைப்பைத் திரும்பச் செய்திருக்கிறார்கள். இனிப்பைத் திருப்பிக் கொடுக்க முடியாது. மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

கையெழுத்து இருந்தால்கூட அதைக் கடைசியாகத்தான் நம்ப வேண்டும். பெரிய பெயரைப் போலியாகப் பொறிப்பது ஜப்பானில் பல நூற்றாண்டுப் பழக்கம். 17-ஆம் நூற்றாண்டின் கொல்லர் கொடெட்சுவின் பெயரைப் பார்த்தாலே முதலில் போலி என்று எடுத்துக்கொள்வது அங்கே பாலபாடம். ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற வாள்கொல்லரான மசமுனே பெரும்பாலும் கையெழுத்தே இடவில்லை. ஆகவே மசமுனே என்று பளிச்சென்று எழுதிய வாள் வந்தால் நான் சிரித்துவிடுகிறேன். சில பெயர்கள் பட்டறைப் பெயர்கள். பிசென் பகுதியின் ஒசாஃபுனே ஊரில் சுகெசடா என்ற பெயரில் பல பத்துக் கொல்லர்கள் இருந்தார்கள். வெறும் ஊரும் சுகெசடாவும் மட்டும் பொறித்திருந்தால் உள்நாட்டுப் போர்களுக்காக மொத்தமாக அடித்த சரக்கு. நடுவில் சொந்தப் பெயரும் சேர்ந்திருந்தால் யாரோ ஒருவர் கேட்டுச் செய்வித்தது. கையெழுத்தே இல்லாவிட்டால் கலங்க வேண்டாம். நீண்ட பழைய வாள்களைப் பிற்காலத்தில் காம்புப் பக்கத்திலிருந்து வெட்டிக் குட்டையாக்கினார்கள். பெயர் வெட்டோடு போய்விட்டது. அப்படிப்பட்ட காம்பில் ஆணித்துளை இரண்டு, மூன்று இருக்கும். துளைகளை எண்ணி எழுதுங்கள்.

மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது வடிவத்தைத்தான், நானும் அங்கிருந்தே தொடங்குவேன். நுனியிலிருந்து, கைக்காப்புத் தட்டுக்குச் சற்று மேலே வாளைச் சுற்றியிருக்கும் உலோகக் கழுத்துப் பட்டைக்குள் முதுகில் வரும் சிறு படி வரை நேர்கோட்டில் அளவெடுங்கள். 60.6 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் கட்டானா என்னும் நீண்ட வாள், அதற்குக் கீழே என்றால் வகிசாஷி என்னும் துணைவாள், 30.3-க்கும் கீழே என்றால் குத்துவாள். பிறகு வளைவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் குதிரைமேல் இருந்து வீசிய வாளில் வளைவு கைப்பிடியை ஒட்டி ஆழமாக விழும், நுனி சிறுத்திருக்கும். 14-ஆம் நூற்றாண்டில் வாள் அகன்று நீண்டு, நுனியும் பெரிதாகும். 16-ஆம் நூற்றாண்டில் காலாட்கள் ஒற்றைக் கையில் உருவி வெட்டும் வாள். குட்டை, வளைவு நுனிப்பக்கம் ஏறியிருக்கும். 1600-க்குப் பிறகு நாடு அமைதியானது. 1657-இல் எடோ நகரம் (இன்றைய டோக்கியோ) எரிந்து எத்தனையோ வாள்கள் அதில் போன பிறகு புதியவற்றுக்குத் தேவை பெருகியது. அந்தத் தலைமுறை வாள்கள் கிட்டத்தட்ட நேராக, நுனியை நோக்கிக் குறுகிப் போகும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பழைய வடிவங்களைத் திரும்பச் செய்தார்கள். அங்கேதான் குழப்பம் அதிகம். 1876-இல் பொது இடத்தில் வாள் அணிவதை அரசு தடைசெய்ததோடு சாமுராய் வாளின் காலம் முடிகிறது. அதன்பின் செய்தது எதுவும், எவ்வளவு நன்றாக இருந்தாலும், சாமுராய்க்காகச் செய்ததன்று.

வெண்கோடு என்று மேலே சொன்னேனே, அது ஹமோன். வாளின் மேல் களிமண்ணை முதுகில் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். விளிம்பு சட்டென்று குளிர்ந்து கடினமாகும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாக நிற்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையே அந்தக் கோடு. ஒரே ஒரு மின்விளக்கை எதிரே வைத்து, வாளை விளக்கை நோக்கி நீட்டி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீரில் தோய்த்த நல்ல வாள்கள் பலவற்றில் அந்த எல்லையில் உறைபனிபோல் நுண்துகள்கள் தனித்தனியாக மின்னும். போர்க்காலத்தில் பெரும்பாலும் எண்ணெயில் தோய்த்தார்கள். உடைவது குறையும், ஆனால் கோடு உயிரில்லாமல் மங்கலாகக் கிடக்கும், துகள் தெரியாது. அமிலம் தடவி வரைந்த போலிக்கோடு எந்தக் கோணத்திலும் ஒரே வெண்மையாக இருக்கும். உங்கள் வாள் துருவின் கீழ் இதையெல்லாம் மறைத்துவைத்திருக்கலாம் என்பதால், கோடு தெரியவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரமாட்டேன்.

விலைபற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செகி முத்திரை கொண்ட போர்க்கால வாள் என்றால் கோடியை மறந்துவிடுங்கள். பழையதாகவே இருந்தாலும், முறையாக மெருகூட்டத் தேர்ந்த ஒருவருக்கு மாதக்கணக்கில் வேலை. அந்தச் செலவு பல நேரங்களில் வாளின் விலையையே தாண்டிவிடும். ஜப்பானுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கலாமே என்றால் அங்கே ஒரு வேடிக்கையான முடிச்சு இருக்கிறது. வாள் போர்க்காலத் தொழிற்சாலை வேலை என்றால் அது ஜப்பானில் கலைப்பொருளாகப் பதிவாகாது, பறிமுதலாகலாம். நூறாண்டு கடந்தது என்றால் நம் நாட்டின் 1972 தொல்பொருள் சட்டப்படி அதை நீங்களாக வெளியே அனுப்ப முடியாது. எந்தப் பக்கம் போனாலும் சுவர். ஆகவே வாள் வீட்டிலேயே இருக்கட்டும், படங்கள் போகட்டும். வாள் வைத்திருக்க உரிமம் தேவையா என்பது 1959 ஆயுதச் சட்டத்தின்கீழ் இடத்துக்கு இடம் மாறும். அதை உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கேளுங்கள், நான் சட்டம் படித்தவன் அல்லன்.

அதுவரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாளின் வெளிப்பகுதியை மட்டும், காம்பைத் தொடாமல், உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் முதுகுப் பக்கத்திலிருந்து துடைத்து, வாசனையோ வேறு கலப்போ இல்லாத மெல்லிய கனிம எண்ணெயை ஒரு படலம்போல் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் கெட்டுப்போகும். விரல் படக்கூடாது, வேர்வையின் உப்பு ஒரே வாரத்தில் கைரேகையை இரும்பில் எழுதிவிடும். பிறகு காம்பின் இரு பக்கத்தையும், கறுப்புத் துணிமேல் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், நுனி மேலே இருக்கும்படி செங்குத்தாகப் படமெடுத்து அனுப்புங்கள். முழு நீளத்துக்கு ஒரு படம், நுனிக்கு ஒரு படம். எழுத்து மங்கலாக இருந்தால் சுண்ணாம்போ மாவோ பூசவேண்டாம், விளக்கை நகர்த்திப் பாருங்கள்.

உங்கள் மூன்றாவது படத்தில், நடுப்பகுதியில் வரிசையாக மூன்று சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன. குங்குமம் வைத்த ஈரத்தில் இரும்பு அரித்துப் பள்ளமாகியிருக்கிறது. கோணத்தை மாற்றி அந்த இடத்தையும் ஒருமுறை கிட்டத்தில் எடுங்கள். இந்த ஆண்டு ஆயுத பூஜைக்குப் பொட்டை உறையின்மேல் வைத்துவிடுங்கள்.